பக்கத்து வீட்டில் இடிக்கிறார்கள், எங்கள் சுவர் பிளக்கிறது

போன இதழில் பழைய வீட்டைப் புதுப்பிப்பது பற்றி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சொந்த வீட்டைப் பற்றியவை அல்ல, பக்கத்து வீட்டு வேலையால் தங்கள் வீட்டுக்கு வந்த சேதத்தைப் பற்றியவை. எனக்குத் தொழில் கட்டட வேலை. முப்பது வருடத்தில் வழக்கு விஷயமாக கோர்ட் நேரில் பார்த்துவர அனுப்புகிற வக்கீலான அட்வகேட் கமிஷனரோடு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு நிறைய வீடுகளுக்குள் போய் வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீடு டவுனில் ரத வீதிக்குப் பின்னால் இருக்கிறது. மாமனாருடைய அப்பா கட்டியது, எழுபது வருடத்துக்கு மேல் ஆன மட்டப்பா வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே பொதுச்சுவர்தான். அவர்கள் பழைய வீட்டை அடியோடு இடித்துவிட்டு இரண்டு மாடி எடுக்கிறார்கள். பிரேக்கர் மெஷின் வைத்த மூன்றாவது நாள் எங்கள் பட்டாசல் (கூடம்) சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல் ஓடிவிட்டது. மட்டப்பாவிலிருந்து காரை பெயர்ந்து, பேத்திக்குத் தொட்டில் கட்டுகிற இடத்திலேயே விழுந்தது. நல்லவேளை பிள்ளை அப்போது அடுக்களையில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டால், "பழைய வீடுன்னா அப்படித்தான் மைனி இருக்கும், நான் பிளான் அப்ரூவல் வாங்கித்தானே கட்டுதேன்" என்கிறார். அவருடைய அம்மாவும் என் மாமியாரும் ஒரே ஆட்டுரலில் மாவாட்டியவர்கள். போலீசுக்குப் போகவா, கோர்ட்டுக்குப் போகவா, பேசாமல் இருந்துவிடவா? காலம் (கான்கிரீட் தூண்) போடக் குழி தோண்டப் போவதாக மேஸ்திரி சொல்கிறார்.
— வாசகி, திருநெல்வேலி டவுன்

பதில்: பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது விரிசலைவிடக் கடைசி வரிதான்.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது. அந்தப் பட்டாசலில் யாரும் படுக்க வேண்டாம், தொட்டிலை வேறு அறைக்கு மாற்றுங்கள். மட்டப்பா என்பது தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, மேலே சின்னச் செங்கலைச் சாய்த்து அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டுச் செய்தது. கட்டையின் நுனி உட்கார்ந்திருப்பது அந்தச் சுவரில்தான். சுவர் ஒரு விரல் நகர்ந்தாலும் கட்டையின் பிடி குறையும். அதனால் விரிசல் இருக்கிற சுவரை ஒட்டி, கட்டைகளுக்குக் கீழே நாலைந்து முட்டு கொடுக்கச் சொல்லுங்கள். சென்ட்ரிங் சாமான் அவர்கள் வேலையிடத்திலேயே கிடக்கும், அரை மணி நேர வேலை. அந்தப் பக்கத்துக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள். நேற்றுவரை சரியாக இருந்த கதவு இன்று இடித்தால் சுவர் இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் விரிசலுக்குச் சாட்சி உண்டாக்குங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். விரிசலின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் பென்சிலால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே இரண்டு இடத்தில் விரல் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசி ஒட்டிவிடுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும், யாரும் வாதாட முடியாது. ஸ்கேலை விரிசலுக்குப் பக்கத்தில் பிடித்துப் போட்டோ எடுங்கள். தூரத்தில் நின்று பட்டாசல் முழுதும் தெரிகிற மாதிரியும் ஒன்று எடுங்கள், இல்லையென்றால் அது எந்தச் சுவர் என்றே பிறகு தெரியாது. விழுந்த காரையைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டீர்களோ என்னவோ, இனி விழுந்தால் ஒரு சாக்கில் எடுத்து வையுங்கள்.

இப்போது அந்தக் குழி விஷயம். டவுனில் பழைய வீடுகளுக்கு அஸ்திவாரம் ஆழம் கிடையாது. மூன்றடிக்குக் கல்லைப் போட்டு அதன்மேல் அகலமான சுவரை எழுப்பியிருப்பார்கள். அதை ஒட்டி ஐந்தாறு அடிக்குக் காலம் குழி தோண்டினால் உங்கள் அஸ்திவாரத்துக்குக் கீழேயுள்ள மண் அந்தப் பள்ளத்துக்குள் சரியப் பார்க்கும். இடிப்பின் அதிர்ச்சியில் வருவது பெரும்பாலும் பூச்சு விரிசல், இப்படி மண் சரிந்தால் வருவதுதான் சுவரையே சாய்க்கிற விரிசல். அதற்காக அவர் வீடே கட்டக்கூடாது என்றில்லை. உங்கள் சுவரை ஒட்டி வருகிற குழிகளை ஒரே நாளில் வரிசையாகத் தோண்டிப் போடாமல், ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டு மண்ணை நிரப்பி இறுக்கிவிட்டு, அப்புறம் அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள். பொதுச்சுவரை ஒட்டிய இரண்டடிக்கு மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுக்கட்டும். இரண்டு நாள் கூலி கூடும், அவ்வளவுதான். மழை வருகிற நேரத்தில் குழியைத் திறந்து போடக்கூடாது. இதெல்லாம் மேஸ்திரிக்குத் தெரியாததில்லை, கேட்க ஆள் இல்லையென்றால் செய்ய மாட்டார்கள்.

அவர் அப்ரூவல் என்கிறாரே, அதற்கு வருகிறேன். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை கட்ட, கட்டுபவரே உறுதி கொடுக்கிற சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்த முறையில் அதிகாரி நேரில் வந்து பக்கத்துச் சுவரைப் பார்த்துவிட்டுத் தருவதில்லை. எந்த முறையில் வாங்கினாலும் அந்தத் தாள் கட்டுவதற்கான அனுமதிதான், பக்கத்து வீட்டைச் சேதப்படுத்துவதற்கான அனுமதி இல்லை. பழைய வீடு என்பதும் அவருக்குச் சாதகம் கிடையாது, சொல்லப்போனால் உங்களுக்குத்தான் சாதகம். 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டப்படி, பக்கத்து நிலத்தின் மண் நம் நிலத்துக்குத் தருகிற பிடிப்பு நமக்குள்ள இயல்பான உரிமை. அதன்மேல் கட்டிய கட்டடம் அந்தப் பிடிப்பை உரிமையாகப் பாவித்து, இடையூறில்லாமல் 20 வருடம் நின்றிருந்தால், கட்டடத்துக்கும் அந்த உரிமை வந்துவிடுகிறது. உங்கள் வீடு எழுபது வருடமாக நிற்கிறது.

பத்திரத்தை எடுத்து நான்கு மாலையும் (நான்கு பக்க எல்லை விவரம்) வாசித்துப் பாருங்கள். "பொதுச்சுவர்" என்று எழுதியிருந்தால் அதில் இருவருக்கும் பங்கு உண்டு, ஒருவர் மட்டும் முடிவு செய்து இடிக்கவோ குடையவோ முடியாது. இன்னொன்று, அவர் வீட்டை இடித்தபிறகு அந்தச் சுவரின் மறுபக்கம் வெயிலுக்கும் மழைக்கும் திறந்து கிடக்கும். நான் பார்த்த ஒரு வீட்டில் அப்படித் திறந்து கிடந்த சுவரில் மாடக்குழி அப்படியே இருந்தது. தலைமுறை தலைமுறையாக விளக்கேற்றிய கரியோடு இருந்த அந்தக் குழிக்குள் ஐப்பசி மழை நின்று நின்று, சுவர் இந்தப் பக்கம்வரை ஊறிவிட்டது. வாதி பிரதிவாதி இருவருமே அதைக் கவனிக்கவில்லை, விரிசலைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் திறந்த பக்கத்தை மழைக்கு முன்னால் பூசித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். வேலை நடக்கிற இடத்தில், கொத்தனார் சித்தாள் எல்லாரும் பார்க்க நின்று கேட்டால் எந்த வீட்டுக்காரரும் வீம்புக்குத்தான் பதில் சொல்வார். சாயங்காலம் வேலையாட்கள் போனபிறகு, உங்கள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய அம்மா இருந்தால் அவர்களும் கூட இருக்கட்டும். குற்றம் சொல்லி ஆரம்பிக்காமல், "தம்பி, ஒரு எட்டு வந்து பட்டாசலைப் பாரு" என்று கூப்பிட்டுக் கொண்டுபோய் அந்தக் காரை விழுந்த இடத்தைக் காட்டுங்கள். தொட்டில் கொக்கிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அவருக்கே புரியும். பேசி ஒத்துக்கொண்டதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எந்தச் சுவர், எத்தனை விரிசல், எவ்வளவு நீளம், யார் சரி செய்வது, எப்போது. நெருங்கிப் பழகியவர்களிடம் எழுதிக் கேட்பதா என்று கூச்சப்படாதீர்கள். எழுதாததால் பிரிந்த நல்ல பழக்கங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒத்துவரவில்லை என்றால் தாமதிக்காதீர்கள். போட்டோக்களோடு ஒரு கடிதம், ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ஆள் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி அஜாக்கிரதையாக இடிப்பதும் கட்டுவதும் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 290ஆம் பிரிவுப்படி குற்றம், அதனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வாங்கியதற்கான ஒப்புகை) வாங்கி வைக்கலாம். ஆனால் உங்களுக்கு நஷ்டஈடு வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை, சிவில் விஷயம் என்றுதான் சொல்வார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே நின்று "நான் முடிச்சுத் தாரேன்" என்று வருகிற ஆட்களிடம் மட்டும் சிக்கிக்கொள்ளாதீர்கள். அதைவிட நேராக நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே மனு கொடுத்தால் அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள், கோர்ட் ஃபீஸ் கிடையாது. அங்கே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமாகி உத்தரவானால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் கேட்கிற உரிமை 1987ஆம் வருடச் சட்டத்திலேயே இருக்கிறது.

குழி தோண்டுவதை முறையில்லாமல் ஆரம்பித்துவிட்டால் மட்டும் பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே வக்கீலைப் பார்த்து இடைக்காலத் தடை கேளுங்கள், கூடவே அட்வகேட் கமிஷனரை நியமிக்கவும் மனுப் போடுங்கள். கமிஷனர் நேரில் வந்து அளந்து எழுதுகிற அறிக்கை பிறகு கேஸ் எங்கே போனாலும் உங்களுக்குக் கை கொடுக்கும். நஷ்டஈட்டு வழக்குக்கு 3 வருட அவகாசம் இருக்கிறது, தடை உத்தரவுக்கு அப்படி இல்லை. கட்டடம் எழும்பியபிறகு அதை இடி என்று கோர்ட் சொல்வது அபூர்வம்.

பழுது பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் இரக்கப்பட்டு நாளைக்கே கொத்தனாரை அனுப்பி விரிசலைச் சிமெண்டால் அடைத்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். அவர் வீட்டு எடை முழுதும் இறங்கி, ஒரு மழையும் பெய்து முடியட்டும். தை பிறந்து பார்த்துக்கொள்ளலாம். உங்களுடையது சுண்ணாம்புச் சுவர், அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளேயிருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் இரண்டு வருடத்தில் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். விரிசலை வாய் அகலமாகக் கொத்தி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்புக் காரையால் அடைக்கத் தெரிந்த ஆள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள், கோயில் வேலை பார்க்கிற கொத்தனார்களிடம் விசாரியுங்கள். அந்த ஆளை நீங்கள் பாருங்கள், கூலியும் சாமானும் அவர் கொடுக்கட்டும்.

கேள்வி: நான் வேலை செய்கிற பக்கத்து ஆள். சிந்துபூந்துறையில் என் வீட்டில் ஒரு நடுச்சுவரை எடுத்துவிட்டு, டைல்ஸ் மாற்றினேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, தன் வீட்டில் ஏழெட்டு விரிசல் வந்துவிட்டது, வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்து ஒன்றரை லட்சம் தர வேண்டும் என்கிறார். அந்த விரிசல்களில் பாதி 2023 வெள்ளத்தில் வந்தவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.
— வாசகர், சிந்துபூந்துறை

பதில்: நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி உங்கள் தெருவுக்குள் வந்து போனதை மறக்க முடியுமா? அஸ்திவாரம் அப்படி ஊறி, பிறகு காய்ந்து மண் இறங்கினால் விரிசல் வரத்தான் செய்யும். அண்ணாச்சி பொய் சொல்கிறார் என்றும் நினைக்காதீர்கள். மெஷின் சத்தம் காதில் விழுகிற வாரத்தில்தான் மனிதர் தன் வீட்டுச் சுவரை உற்றுப் பார்க்கிறார், அதுவரை அங்கே இருந்த விரிசலும் அன்றைக்குத்தான் கண்ணில் படுகிறது.

போட்டோ இல்லாவிட்டாலும் விரிசலே கொஞ்சம் பேசும். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள்ளே பாருங்கள். பழைய விரிசலின் ஓரம் மழுங்கி, உள்ளே தூசியும் ஒட்டடையும் சேர்ந்திருக்கும். இடையில் வெள்ளையடித்திருந்தால் அந்தச் சுண்ணாம்பு உள்ளே இறங்கியிருக்கும். புது விரிசலின் ஓரம் கூர்மையாக, உள்ளே பூச்சின் நிறம் பளிச்சென்று தெரியும். காலமும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நேராக ஓடுகிற மெல்லிய கோடு பெரும்பாலும் வெயிலில் விரிந்து சுருங்குவதால் வருவது. உங்கள் வேலையால் வந்ததாக இருந்தால், நீங்கள் இடித்த சுவர் முட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் முதலில் இருக்கும், தள்ளிப் போகப் போகக் குறையும். அவர் வீட்டு மறுகோடியில் இருக்கிற அறையின் விரிசலுக்கு உங்களைப் பொறுப்பாக்குவது கஷ்டம்.

இதை நீங்களே போய் டார்ச் அடித்துச் சொன்னால் எடுபடாது. இருவருக்கும் உறவோ தொழில் தொடர்போ இல்லாத ஒரு இன்ஜினீயரைச் சேர்ந்து கூப்பிடுங்கள், ஃபீஸை ஆளுக்குப் பாதி போடுங்கள். அவர் எழுதித் தருவதற்கு இருவரும் கட்டுப்படுவதாக முன்பே பேசிக்கொள்ளுங்கள். உங்கள் வேலையால் வந்தவை இரண்டு விரிசல் என்று சொன்னாரானால் அந்த இரண்டையும் மனம் கோணாமல் செய்து கொடுங்கள். பெயிண்ட் விஷயத்தில் அவர் கேட்பதும் முழுக்கத் தப்பில்லை. ஒரு சுவரில் ஒட்டுப்போட்ட இடம் மட்டும் தனி நிறமாகத் தெரிந்தால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியவர் அவர்தான். ஆகவே விரிசல் வந்த அறை முழுதும் அடித்துக் கொடுப்பது நியாயம், வீடு முழுதும் கேட்பது நியாயமில்லை. பணமாகக் கொடுத்தால் எத்தனை கொடுத்தாலும் போதாது என்று தோன்றும், வேலையாகவே முடித்துக் கொடுங்கள்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ரொம்ப வருடத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரில் குழாய்க்குத் துளை போட்டபோது மெஷின் மறுபக்கம் போய்ப் பக்கத்து வீட்டு ஆச்சியின் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்துவிட்டது. அங்கே பலகையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி விழுந்து உடைந்தது. நான் வேலை அவசரத்தில் கொத்தனாரிடம் ஒரு சட்டி சிமெண்டைக் கொடுத்து, போய் அடைத்துவிட்டு வா என்று அனுப்பினேன். துளை அடைபட்டது. ஆச்சி எங்களோடு பேச இரண்டு வருடம் ஆனது. "நீ வந்து ஒரு வார்த்தை கேட்டியாடே?" என்றுதான் பிறகு சொன்னார்கள், சுவரைப் பற்றியோ ஜாடியைப் பற்றியோ ஒன்றுமே சொல்லவில்லை. அண்ணாச்சி வீட்டுக்கு நீங்கள் இதுவரை நேரில் போய்ப் பார்த்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. போகவில்லையென்றால் இன்ஜினீயருக்கு முன்னால் நீங்கள் போங்கள்.

கேள்வி: சேதத்துக்கு வீட்டுக்காரரைக் கேட்டால் காண்ட்ராக்டரைக் கேள் என்கிறார், காண்ட்ராக்டர் வீட்டுக்காரரைக் கேள் என்கிறார். யாரைப் பிடிப்பது?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: வீட்டுக்காரரை. அவர் இடத்தில் அவருக்காக நடக்கிற வேலை. பக்கத்து வீட்டுக்கு ஆபத்து வரக்கூடிய வேலை என்று தெரிந்தே கொடுத்துவிட்டு, காண்ட்ராக்டர் மேல் கைகாட்டி ஒதுங்க முடியாது. அவர்களுக்குள் கணக்கு எப்படியும் தீர்த்துக்கொள்ளட்டும். வழக்கு என்று போனால் இருவரையும் சேர்த்தே போடுங்கள். வேலை கொடுக்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அக்கம்பக்கத்துச் சேதத்தைச் சரிசெய்யும் பொறுப்பு காண்ட்ராக்டருடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, கடைசித் தவணையில் ஒரு தொகையைப் பிடித்து வையுங்கள்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டில் மூன்றடிக்கு மண்ணடித்து மட்டத்தை உயர்த்திவிட்டார்கள். இப்போது அவர்கள் முற்றத்துத் தண்ணீர் எங்கள் புறவாசலுக்கு வருகிறது. காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஓதம் ஏறி, எங்கள் பக்கமாக லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தான் வரும் என்கிறார்கள்.
— வாசகி, வண்ணார்பேட்டை

பதில்: இயற்கையாகவே மேடாக இருக்கிற நிலத்திலிருந்து வருகிற மழைத்தண்ணீரைப் பள்ளத்து நிலத்துக்காரர் மறிக்க முடியாது, அது உண்மை. அவர்களுடையது லாரியில் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய மேடு. அந்தத் தண்ணீரைத் தெரு ஓடைக்குக் கொண்டுபோக வேண்டியது அவர்கள் பொறுப்பு.

சாய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் அவசரம். காம்பவுண்டுச் சுவர் மண்ணைத் தாங்குவதற்குக் கட்டியது இல்லை. நனைந்த மண் காய்ந்த மண்ணைவிட அதிகமாகத் தள்ளும், வடகிழக்குப் பருவமழையில் ஒரு ராத்திரியில் சரிந்துவிடும். புறவாசலில் அந்தச் சுவரை ஒட்டித் துணி துவைக்கிற கல் இருந்தால் இடத்தை மாற்றுங்கள், பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள். சாய்வை அளக்க, சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கீழே நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். அவர்கள் செய்ய வேண்டியது, சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு மண்ணை எடுத்துவிட்டு, தங்கள் பக்கத்தில் தனியாக ஒரு தாங்குசுவர் கட்டி, அடியில் தண்ணீர் வடியக் குழாய் வைத்து ஓடைக்கு விடுவது. சொல்லியும் கேட்காமல் சுவர் விழுகிற நிலைக்கு வந்துவிட்டால், கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவில் ஆபத்தான சுவரை அகற்றவோ சரிசெய்யவோ உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

கேள்வி: ராத்திரி பதினோரு மணிக்கும் டைல்ஸ் வெட்டுகிறார்கள். என் அப்பா இதய நோயாளி. சட்டம் ஏதாவது உண்டா?
— வாசகர், பெருமாள்புரம்

பதில்: உண்டு. ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை சத்தம் எழுப்பும் கட்டுமான மெஷின்களை ஓட்டக்கூடாது. சத்தம் வரும்போதே 100க்கு அழையுங்கள், மறுநாள் காலையில் போய்ச் சொன்னால் பார்க்க ஒன்றும் இருக்காது. அதற்கு முன் ஒருமுறை, அப்பாவின் உடல்நிலையை வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லிப் பாருங்கள். ராத்திரி வேலை பெரும்பாலும் டைல்ஸ்காரர் அடுத்த வேலைக்கு ஓடுவதற்காகச் செய்வது, வீட்டுக்காரர் பல நேரம் அங்கே இருப்பதே இல்லை.